ஆழிக்குமரன் ஆனந்தன் நினைவுநாள்: ஓகஸ்ட் 6

ஊர் உறவுகளுக்கு வணக்கம். 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் 51 மணித்தியாலத்தில் நீந்திய எங்கள் வல்வெட்டித்துறைப் பிள்ளை, 1984 ஓகஸ்ட் 6 ஆங்கிலக் கால்வாயில் உயிர்நீத்தார். அந்த நாளில் காலை 6.30க்கு ரேவடிக் கடற்கரையில் கூடுவோம்.

1. முதலில் கடவுள் வணக்கம், பிறகு மலரஞ்சலி. குத்துவிளக்கு கடல்காற்றில் நிக்காது. கண்ணாடிக் கூடு போட்ட லாம்பு இரண்டு தேவை. ஆர் கொண்டுவருவீங்கள்?

2. பூ உதிரியாக மட்டும். நூலும் கம்பியும் கடலுக்குள் போகக்கூடாது.

3. வீடுகளில் அவரின் பழைய படம் இருந்தால் அனுப்புங்கோ. சட்டத்தைக் கழற்றி, யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் நேர்மேலே இருந்து எடுங்கோ. கண்ணாடியோடு எடுத்தால் முகத்தில் வெள்ளை அடிக்கும். இந்தக் குழுவில் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கோ, சாதாரணமாக அனுப்பினால் தெளிவு போய்விடும். பின்பக்க எழுத்தையும் ஒரு படம் எடுங்கோ. ஆண்டும் ஆக்களின் பேரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

4. பிள்ளைகள் அன்று கடலில் இறங்க வேண்டாம். அவர் பேரில் நீச்சல் பழக்க விரும்பும் பெற்றோர் பிள்ளையின் வயதை எழுதுங்கோ. எங்கட கரைப்பிள்ளை ஒன்றும் நீந்தத் தெரியாமல் வளரக்கூடாது.

வருவோர் எண்ணிக்கையை ஓகஸ்ட் 3 இரவு 8க்குள் அறியத்தாருங்கோ.