தேள் வண்டி பொள்ளாச்சிக்குப் போனது

கண்ணு,

நேற்று நீ கோபமாகப் பேசிவிட்டுப் போனை வைத்த பிறகு அம்மாவும் நானும் ரொம்ப நேரம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. உன் காரை ஐந்தே முக்கால் லட்சத்துக்குக் கேட்டவரை விட்டுவிட்டு ஐந்தே கால் லட்சத்துக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று நீ கேட்டது நியாயமான கேள்விதான். போனில் பதில் சொன்னால் நடுவில் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி.

2016இல் ஃபியட்டின் அந்த அபார்த் புன்டோ காரை எடுத்தே தீருவேன் என்று நீ நின்றபோது, பத்து லட்சம் போட்டு இவ்வளவு சின்ன வண்டியா என்று கேட்டவன் நான்தான். 145 குதிரைத்திறன் அப்பா, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் அப்பா என்று நீ இரண்டு மாதம் என் பின்னாலேயே சுற்றினாய். வீட்டுக்கு வந்த அன்று அப்பத்தா முன்னால் இருந்த சின்னத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு தேளப் போட்டிருக்கறாங்க?" என்று கேட்டார். இத்தாலியில் 1949இல் இந்தக் கம்பெனியை ஆரம்பித்த கார்லோ அபார்த்துக்கு விருச்சிக ராசி, அதனால்தான் தேள் என்று நீ சொன்னாய். "எனக்கும் அதே ராசிதான்" என்று அப்பத்தா போய் பேனட்டில் குங்குமம் வைத்தார். அன்றிலிருந்து நம் தெருவுக்கே அது தேள் வண்டி.

நீ 2021இல் ஜெர்மனி போன பிறகு அந்த வண்டியை நான் சும்மா நிறுத்தி வைக்கவில்லை, அது உனக்கே தெரியும். ஆனால் முழுசாகத் தெரியுமா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எடுத்து ஆனைகட்டி ரோட்டில் போய் வருவேன். வெறுமனே ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் நிறுத்தி வைத்தால் பேட்டரிக்கும் நல்லதில்லை, எஞ்சினுக்கும் நல்லதில்லை, உள்ளே தங்கும் ஈரம் ஆயிலிலேயே கிடக்கும். எஞ்சின் சூடாகும் வரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மாட்டேன். திரும்பி வந்ததும் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு, டர்போ கொஞ்சம் ஆறிய பிறகுதான் சாவியைத் திருப்புவேன். நீ சொல்லிக் கொடுத்ததுதான், ஒரு நாளும் மீறியதில்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றினேன், டைமிங் பெல்ட்டையும் வருஷக் கணக்குப் பார்த்து மாற்றிவிட்டேன். மழைக்காலத்தில் எலி வந்து ஒயரைக் கடித்துவிடும் என்று ராத்திரியில் பேனட்டைத் திறந்தே வைத்து, உள்ளே ஒரு பல்பு எரியவிடுவேன். எல்லா பில்லையும் அந்த நீல ஃபைலில் தேதிவாரியாக வைத்திருக்கிறேன்.

விற்கலாம் என்று நீயே சொன்ன பிறகு முதலில் பரணில் ஏறினேன். நீ வேறு சாமான் மாட்டுவதற்காகக் கழற்றிய பழைய ஸ்பிரிங், சைலன்சர், ஏர் ஃபில்டர் பாக்ஸ் எல்லாம் பேப்பரில் சுற்றி வைத்தது வைத்தபடி இருந்தது. கணபதியில் முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்தியவனுக்கு ஒரு சாமானை எப்படி எடுத்து வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, நீயும் அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறாய், பரணில் நின்றபோது அது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆர்.சி. புக்கில் இருப்பதற்கும் வண்டியில் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. நம் ஆசைக்கு நாம் மாட்டியதை வாங்குகிறவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்? நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். அதனால் ஸ்பிரிங்கையும் சைலன்சரையும் ஃபில்டர் பாக்ஸையும் பழையபடி மாட்டினேன். திறனைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி ரீமேப் செய்தவர்களையே கூப்பிட்டு கம்பெனி மேப்பை ஏற்றச் சொன்னேன். நீ போட்ட பிரேக் பேடும் ஸ்பீக்கரும் சத்தம் குறைய கதவுக்குள் ஒட்டிய டேம்பிங் ஷீட்டும் அப்படியே இருக்கின்றன.

மாடிஃபிகேஷனுக்கு நீ போட்ட ஒன்றரை லட்சம் திரும்பி வராது, கண்ணு. வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர் இதையெல்லாம் பார்த்தால் "பசங்க ஓட்டி அடிச்ச வண்டி" என்று விலையைக் குறைப்பார். அந்த அருமை தெரிந்த பையன் வந்தால்தான் நல்ல விலை கிடைக்கும், அவனும் போட்ட காசு முழுவதையும் தர மாட்டான். கழற்றிய சாமான்களைத் தனியாக விற்றால் கொஞ்சம் தேறும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

விளம்பரம் போட்ட முதல் வாரம் நாற்பது போன் வந்திருக்கும். "லாஸ்ட் எவ்வளவு?" என்பதுதான் பாதிப் பேருக்கு முதல் கேள்வி, வண்டியைப் பார்க்காமலேயே. சென்னையில் இருந்து ஒருவர் வந்தார், நல்ல வசதியான ஆள். ட்ரையல் பார்க்கச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெரு முனை தாண்டுவதற்குள் ஐந்தாயிரம் ஆர்.பி.எம். ஏற்றிவிட்டார். எஞ்சின் இன்னும் பச்சைத் தண்ணியாக இருக்கிறது, ஆயில் மேலே ஏறியிருக்காது. எனக்கு நெஞ்சில் யாரோ ரம்பம் போட்டது மாதிரி இருந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, "மன்னிச்சுக்குங்க, வண்டி குடுக்கறதா இல்லைங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

நீ சொல்லும் அந்த ஐந்தே முக்கால் லட்சம் ஒரு புரோக்கர் சொன்ன விலை. பாதிப் பணம் ரொக்கம், பாதி பேங்க்கில், பேர் மாற்றும் 29, 30 ஃபாரங்களில் பேர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், ஆள் கிடைத்ததும் நாங்களே பேர் மாற்றிக்கொள்கிறோம் என்றார். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கவே கூடாது என்று வருமான வரிச் சட்டம் இருக்கிறது. அது ஒரு பக்கம். 2023 ஏப்ரலில் இருந்து பழைய வண்டி விற்கும் டீலர்களுக்குத் தனி அங்கீகாரச் சான்று வேண்டும், அது இருந்தால் வண்டி அவர்கள் கைக்குப் போனதை ஆர்.டி.ஓ.வுக்கு ஆன்லைனில் தெரிவித்துவிடலாம், அதன் பிறகு பொறுப்பு அவர்களுடையது. அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். அவர் காபி குடிக்கலாம் வாங்க என்றார்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ ஆறாவது படிக்கும்போது நம்மிடம் ஒரு வெள்ளை மாருதி 800 இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதை ஒரு புரோக்கரிடம் இதே மாதிரி வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து வேறொரு ஊரில் இருந்து எனக்கு நோட்டீஸ் வந்தது. வண்டி ஒரு சைக்கிள்காரரை இடித்து அவர் கால் போய்விட்டது, இன்சூரன்ஸ் புதுப்பிக்கவே இல்லை, ஆர்.சி.யில் இன்னும் என் பெயர். புரோக்கர் போனை எடுக்கவில்லை, அவரிடம் வாங்கியவரும் பேர் மாற்றாமல் அடுத்தவருக்கு விற்றிருந்தார். கோர்ட்டில் அந்த மனுஷரைப் பார்த்தேன், ஊன்றுகோலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் ஓட்டவில்லை, நான் விற்றுவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சட்டமும் அதைக் கேட்காது. ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயரோ அவர்தான் ஓனர், அவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அம்மாவின் வளையல் இரண்டும் அப்போது போனதுதான். அடகு வைத்திருக்கிறோம், மீட்டுவிடுவோம் என்று உன்னிடம் சொன்னோம். மீட்கவில்லை கண்ணு, விற்றுத்தான் கட்டினோம்.

சரி, பொள்ளாச்சிப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டில் தென்னை நார் ஆலை வைத்திருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கே பஸ்ஸில் வந்து இறங்கினான். முன்பே சூடாக்கி வைத்தால் எஞ்சினின் குறை வெளியே தெரியாது, அதனால் நான் வேண்டுமென்றே வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருந்தேன். கேட்டைத் திறந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, "பேனட்டைத் தொட்டுப் பார்க்கலாமுங்களா அங்கிள்?" என்று கேட்டுக் கையை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. ஆயில் கேப்பைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். டிப்ஸ்டிக்கைத் துடைத்து இரண்டு தரம் விட்டு எடுத்தான். டயர் ஓரத்தில் இருக்கும் நான்கு எண்ணைப் படித்து, "2322, இருபத்திரண்டாம் வருஷம் இருபத்து மூணாவது வாரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எங்காவது இடித்துச் சரி செய்த வண்டியா என்று கதவு ரப்பரை விலக்கி வெல்டிங் புள்ளிகளைப் பார்த்தான், ஃபெண்டர் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் செய்யச் சொன்னான், கண்ணை மூடிக் கேட்டான். அவன் முதல் வண்டியும் ஃபியட்தான், ஒரு பாலியோ 1.6. ஃபியட் இங்கே இப்போது புது வண்டி விற்பதில்லை என்பதும் ஸ்பேருக்கு அலைய வேண்டும் என்பதும் அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் வந்திருந்தான்.

நீல ஃபைலைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரீமேப்பில் ஓடியிருக்கிறது, அதனால் கிளட்ச் எதிர்பார்ப்பதை விடச் சீக்கிரமே மாற்ற வேண்டி வரும் என்று சொன்னேன். பழைய சாமானை மாட்டிய பிறகு இதையெல்லாம் யாராலும் கண்டுபிடிக்க முடியாதுதான். கண்ணுக்குத் தெரியாததைத்தான் நாம் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொன்னேன். அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. 2022 தீபாவளிக்கு முந்தின வாரம் ரிவர்ஸ் எடுக்கும்போது நம் கேட்டிலேயே இடது பின்பக்கத்தை இடித்துவிட்டேன். உள்ளங்கை அளவுக்கு ஒடுங்கிவிட்டது. இன்சூரன்ஸில் கேட்கவில்லை, கேட்டால் உனக்குத் தெரிந்துவிடும் என்று கைக்காசு போட்டு டிங்கரிங் செய்து, அந்தப் பேனல் முழுக்கப் பெயிண்ட் அடித்தேன். நல்ல பெயிண்டர், நீ அடுத்த வருஷம் லீவுக்கு வந்தபோது கழுவித் துடைத்தாயே, உனக்கே தெரியவில்லை. மூன்று வருஷமாக மனசில் இருந்ததை ஒரு அந்நியப் பையனிடம் முதலில் சொன்னேன். அவன் முட்டி போட்டு உட்கார்ந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தான், விரலால் தட்டிப் பார்த்தான். "இதை நீங்க சொல்லலீன்னா தெரிஞ்சே இருக்காதுங்க" என்றான். ஐந்து லட்சம் என்று கேட்க வந்தவன் அதற்கு அப்புறம் விலையைக் குறைக்கவே இல்லை, இருபத்தைந்தாயிரம் சேர்த்துச் சொன்னான். உன்னிடம் மறைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் முழுவதும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் வந்தது, பேங்க்குக்கு நேரில் போய் வரவைப் பார்த்த பிறகுதான் சாவி கொடுத்தேன். தேதி, மணி, கிலோமீட்டர் எல்லாம் எழுதி டெலிவரி நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். லோன் முடிந்தபோது பாக்கி இல்லை என்று பேங்க் கொடுத்த என்.ஓ.சி.யும் 35ஆம் ஃபாரமும் போட்டு அடமானப் பதிவை நீக்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று இப்போதுதான் தெரிந்தது, இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் இழுத்திருக்கும். விற்றதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கப் பதினான்கு நாள் கெடு, நாங்கள் நான்காவது நாளே பேர் மாற்ற விண்ணப்பித்துவிட்டோம். ஃபாஸ்டேக்கை மூடியாகிவிட்டது. இன்சூரன்ஸில் எதுவும் கேட்காமல் இருந்ததற்குத் தரும் தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸ் ஐம்பது சதவீதம் இருந்தது, அது வண்டியோடு போகாது, ஓனரோடுதான் இருக்கும். சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறேன், மூன்று வருஷத்துக்குள் என் பெயரில் வேறு கார் எடுத்தால் உதவும். நேற்றைக்கு ஆன்லைனில் பார்த்தேன், ஆர்.சி.யில் அவன் பெயர் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் ராத்திரி தூங்கினேன்.

அவன் வண்டியை எடுத்தபோது தெரு முனை வரைக்கும் இரண்டாவது கியரில் மெதுவாகவே போனான். அம்மா வாசலிலேயே நின்றாள். வண்டி திரும்பின பிறகும் உள்ளே வரவில்லை.

கியர் ராடில் நீ மாட்டியிருந்த அந்த அலுமினியக் குமிழை மட்டும் நான் கொடுக்கவில்லை. நம் லேத்தில் நீயே முதன்முதலில் கடைந்தது இல்லையா? கம்பெனிக் குமிழை மாட்டிக் கொடுத்தேன். சித்தப்பா அடுத்த மாதம் அங்கே வரும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

பையன் நேற்று ராத்திரி போன் செய்தான். சர்வீஸுக்கு எந்த கிரேடு ஆயில் ஊற்றுவது, உங்கள் பையன் எதை ஊற்றினார் என்று கேட்டான். பில்லில் இருப்பதைச் சொன்னேன், ஆனால் உன்னிடம் பேச அவனுக்கு ஆசை. அவன் நம்பரை உனக்கு அனுப்பியிருக்கிறேன். கோபம் தணிந்ததும் ஒரு வார்த்தை பேசு.

அப்பா