செயலாளரின் ஆண்டறிக்கை: கழன்ற ஓர் இறக்கையும் அதன் பிறகான மாதங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

செயலாளர் அறிக்கை சந்தா நிலவரத்தில் தொடங்குவதுதான் நம் வழக்கம். இந்த ஆண்டு அதைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். ஏப்ரல் மாதத்துக் கடைசி ஞாயிறு காலை, கிணத்துக்கடவுப் பக்கம் உள்ள நம் மைதானத்தில், தரையில் நின்று ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் ஒன்றின் இடது இறக்கை நடுவானில் கழன்றது. இறக்கை முனைக்கு முனை 2.2 மீட்டர், எடை 7 கிலோ, 50 சிசி பெட்ரோல் எஞ்சின். வானில் செங்குத்தாக வட்டமடிக்கும் சுருளில், மூன்றாவதன் அடியில் மூக்கைத் தூக்கிய நொடியில் இறக்கை தனியாகப் போனது. உடற்பகுதி சுழன்றபடி பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் விழுந்து ஒரு முழம் ஆழத்துக்குப் புதைந்தது. அதே பாத்தியில் அரைமணி நேரத்துக்கு முன்புவரை இரண்டு பெண்கள் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியதற்குக் காரணம் அதுதான்.

விழுந்ததைப் பார்த்ததும் பலரும் சொன்னது, "குழாய் முறிந்திருக்கும்" என்பதே. இரண்டு இறக்கைகளையும் உடலின் குறுக்கே இணைக்கும் அலுமினியக் குழாயைத் தோண்டி எடுத்து, கண்ணாடிப் பலகையில் வைத்து உருட்டினோம். வளைவு இல்லை, கீறலும் இல்லை. அப்படியானால் இறக்கை முறியவில்லை, வழுக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. வேர்ப்பகுதியில், இறக்கையை உடலோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட் அதன் இடத்தில் அப்படியே இருந்தது. அதற்கு மறுபக்கம் ஒட்டுப்பலகைக்குள் பதித்திருந்த நட்டுதான் பிய்ந்து, போல்ட்டோடு சேர்ந்து சுற்றியது. அன்று காலை விமானத்தைப் பூட்டிய இளைஞர் என்னிடம் சொன்னது இது: "அண்ணா, திருகும்போது இறுகியது மாதிரிதான் இருந்தது." அவர் பொய் சொல்லவில்லை. மரை கடித்து நின்றுவிட்டால் கைக்கு அப்படித்தான் தெரியும்.

இறக்கை திரும்பாமல் தடுக்கும் பின்புற ஊசியின் துளையையும் பார்த்தோம். வட்டமாக இருக்க வேண்டிய துளை வேப்பங்கொட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தது. எஞ்சின் புகையோடு வரும் எண்ணெய் ஊறி, சுற்றியிருந்த பலகை நகம் பட்டாலே பெயரும் அளவுக்கு இளகியிருந்தது. பள்ளி மாணவர் ஒருவர் ஏற்றத்துக்கு முன் கைபேசியில் எடுத்த படம் பிறகு கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தால் இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே மயிரிழை அளவு வெளிச்சம் தெரிகிறது. ஏழெட்டுப் பேர் அந்த விமானத்தைச் சுற்றி நின்றிருந்தோம், நானும் நின்றேன். எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

இறக்கையைப் பிடிக்கும் மூன்று பொருள்களுக்கும் மூன்று வேலைகள் உண்டு. வளைக்கும் சுமை முழுவதும் குழாயின் பொறுப்பு. முறுக்கைத் தாங்குவது ஊசி. போல்ட்டின் வேலை ஒன்றுதான்: இறக்கை வெளியே நகராமல் நிறுத்துவது. அதற்கு அதிக பலம் தேவையில்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்க இறக்கை 650 கிராம், அதன் எடைமையம் விமானத்தின் நீள அச்சிலிருந்து 50 செ.மீ. தூரம், அந்த அச்சில் நொடிக்கு இரண்டு உருளல் என்று வைத்துக்கொண்டால், அது வெளியே போக இழுக்கும் விசை 5 கிலோவுக்கு மேல் வருகிறது. எஞ்சின் அதிர்வு வேறு ஓயாமல் மரையைத் தளர்த்திக்கொண்டிருக்கிறது.

குழாயின் பாடு இதைவிடப் பெரிது. அந்த விமானம் மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை எழும்பு விசையை இழந்துவிடும். 120 கி.மீ. வேகத்தில் பாய்ந்து வரும்போது, மூக்கைத் தூக்க உதவும் வால் மடிப்பான எலிவேட்டரை முழுதாக இழுத்தால், வேகம் மூன்று மடங்கு என்பதால் சுமை ஒன்பது மடங்கு வரை போகலாம். 7 கிலோ விமானம் 63 கிலோ ஆகிறது, அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டரை. வேகம் கூடக் கூடச் சுமை அதன் வர்க்கமாக ஏறுகிறது என்பதை நம் புதிய உறுப்பினர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கீழ்நோக்கிப் பாய்ச்சலில் த்ராட்டிலை, அதாவது எஞ்சின் விசையை, குறைக்கச் சொல்லி மூத்தவர்கள் கத்துவது இதற்காகத்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் காற்றில் பெரிய விமானங்களை நாம் ஏற்றுவதில்லை. அந்த மாதங்களை இந்த ஆண்டு பட்டறையில் செலவிட்டோம். உறுப்பினர்களின் பெரிய விமானங்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக மேசையில் ஏற்றி வேர்ப்பகுதியைத் திறந்து பார்த்தோம். பிய்ந்த நட்டைப் பழைய துளையிலேயே பசை வைத்து அழுத்துவது போதாது என்று முடிவு செய்து, உள்ளே இன்னொரு ஒட்டுப்பலகைத் துண்டை எபாக்ஸியால் ஒட்டி, அகலமான விளிம்புள்ள அலுமினிய நட்டுகளைப் பதித்தோம். பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர் அவற்றைக் கடைந்து கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அவருக்குச் சங்கத்தின் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

நைலான் போல்ட்டா, இரும்பு போல்ட்டா என்ற வாதம் இரண்டு ஞாயிறுகளைத் தின்றது. இறக்கையை மேலே வைத்துப் பூட்டும் பயிற்சி விமானங்களுக்கு நைலான்தான் நல்லது என்பது என் தீர்ந்த கருத்து. தரையில் மோதினால் போல்ட் அறுந்து இறக்கையைக் காப்பாற்றிவிடும். ஆனால் வெயிலில் பல ஆண்டுகள் கிடந்த நைலான் நொறுங்கும். வெள்ளை போல்ட் மஞ்சளித்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். குழாயில் செருகும் பெரிய விமானங்களுக்கு வாஷருடன் இரும்பு போல்ட்டையும், மரையில் ஒரு சொட்டு நீல நிறப் பூட்டுப் பசையையும் செயற்குழு பரிந்துரைக்கிறது. சிவப்புப் பசை வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

ஆகஸ்டில் மணல் மூட்டைச் சோதனை நடத்தினோம். பயணிகள் விமானங்களுக்கு, பறக்கையில் எதிர்பார்க்கும் உச்சச் சுமையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. 1995இல் போயிங் 777இன் இறக்கையை முறியும்வரை வளைத்தபோது அது உச்சச் சுமையின் 154 விழுக்காட்டில்தான் முறிந்தது. நம்மிடம் அத்தகைய வசதி ஏது? பழுது பார்த்த 7 கிலோ விமானம் ஒன்றைத் தலைகீழாகக் கட்டி வைத்து, ஆறு மடங்குச் சுமைக்காகப் பக்கத்துக்கு 21 என்று ஒரு கிலோ மணல் பைகளை, வேரில் நெருக்கமாகவும் முனையில் இடைவெளி விட்டும் அடுக்கினோம். பதினாறாவது பை வைத்தபோது "மளுக்" என்று ஒரு சத்தம். கூடமே மூச்சடக்கி நின்றது. இறக்கைமேல் போர்த்திய பிலிம் சுருங்கியதுதான் காரணம். இருபத்தொன்றும் ஏறியபின் முனை நான்கு விரற்கடை தாழ்ந்து, பைகளை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்தது. குழாயை உருவிப் பார்த்தோம், நேராகவே இருந்தது.

அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டையும் பதிவு செய்கிறேன். 2 மீட்டருக்கு மேற்பட்ட இறக்கை உள்ள எந்த விமானமும், பூட்டியவர் அல்லாத இன்னொருவர் கை வைத்துப் பார்க்காமல் ஓடுபாதைக்குப் போகக் கூடாது. இறக்கையை வெளிப்பக்கமாக இழுத்துப் பார்க்க வேண்டும், முன்விளிம்பை மேலும் கீழும் திருகிப் பார்க்க வேண்டும், பிறகு இருவர் இரண்டு முனைகளையும் பிடித்து விமானத்தைத் தூக்க வேண்டும். இப்படித் தூக்குவது பறக்கும்போது வரும் சாதாரணச் சுமையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கை வேருக்குக் கொடுக்கிறது. போல்ட் தலையிலிருந்து பலகைவரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருக்க வேண்டும். கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. இறக்கையின் பின்விளிம்பு மடிப்பான எய்லரானை அசைக்கும் சிறு மோட்டாரின் (சர்வோ) ஒயர் இணைப்புக்குக் கிளிப் கட்டாயம். சிலருக்கு இது மூத்தவர்களை அவமதிப்பதாகப் பட்டது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள நம் தலைவரே முதல் நாள் தம் விமானத்தைப் பதினெட்டு வயது மாணவியிடம் நீட்டி, "பாரும்மா" என்று ஒதுங்கி நின்றார். அதன் பிறகு பேச்சு எழவில்லை.

மற்றவை சுருக்கமாக. நம் விமானங்கள் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி விமானம் என்ற வகையில் வருகின்றன. கண் பார்வைக்குள் மட்டுமே பறக்கவிட வேண்டும். ஞாயிறு தோறும், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிட்டே பெட்டியைத் திறக்கவும். மைதானக் குத்தகை புதுப்பிக்கப்பட்டது. தோட்டத்துக்காரருக்குப் பயிர் இழப்பைச் சங்கம் ஈடு செய்தது. கோடைப் பயிற்சியில் இறக்கையைக் கட்டும் ரப்பர் பட்டைகளைக் காரின் பின்பெட்டியில் போட்டு வைத்ததால் பல இற்றுப்போயின. புதியன வாங்கியிருக்கிறோம், அவற்றை நிழலில் வைக்கவும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இறக்கைச் சோதனை ஏற்பாட்டைச் சங்க விதியாகவே சேர்க்கும் தீர்மானத்தைச் செயற்குழு சார்பில் முன்மொழிகிறேன். உடைந்த அந்த வேர்ப்பலகையும், பிய்ந்த நட்டும், நீண்ட துளையும் நுழைவாயில் மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. வாக்கெடுப்புக்கு முன் ஒவ்வொருவரும் கையில் எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்