புல்ஃபோர்டு ராணுவ நீதிமன்றம்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

சாலிஸ்பரி, இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். இங்கு அனைவரும் நலம்.

வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் இருக்கும் நம் கம்மவான்பேட்டையைப் போலவே இந்த வட்டாரத்திலும் ராணுவக் குடும்பங்கள் அதிகம். என்னுடன் பணியாற்றும் செவிலியர் சிலரின் கணவன்மாரும் படையில்தான் இருக்கிறார்கள். சென்ற வாரம் விடுப்பில் புல்ஃபோர்டு ராணுவ நீதிமன்றத்துக்குப் போய், பொதுமக்கள் இருக்கையில் அமர்ந்து ஒரு விசாரணையைக் கவனித்தேன்.

கமாண்டிங் ஆபீசர் ஒருவரே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லும் சம்மரி கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ விசாரணையைப் பற்றி நீங்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, விக் அணிந்த, படையைச் சாராத நீதிபதி சட்டத்தை விளக்க, சீருடை அதிகாரிகள் குழு குற்றம் உண்டா இல்லையா என்று முடிவு செய்வது புதிதாக இருந்தது. குழு கூடி வாக்களிக்கும்போது, மேலதிகாரியின் முகம் பார்த்து எவரும் மனத்தை மாற்றிக்கொள்ளாதபடி, பதவியில் இளையவரே முதலில் கருத்துச் சொல்ல வேண்டுமாம்.

இந்த முறை எளிதில் வந்துவிடவில்லை. கோர்ட் மார்ஷலைக் கூட்டுவதும், அதன் உறுப்பினர்களை நியமிப்பதும், தீர்ப்பை உறுதி செய்வதும் ஒரே அதிகாரியின் கையில் இருந்ததால் அது நியாயமான விசாரணை ஆகாது என்று, ஃபாக்லாந்து போரில் சண்டையிட்ட ஃபின்ட்லே என்பவரின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது.

விசாரணை நீண்டால் கட்டுப்பாடு தளரும் என்பீர்கள். கட்டுப்பாடற்ற படையால் ஊருக்கே ஆபத்து என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் முதல் உலகப் போரில் இருந்த ஹாரி ஃபாரை எண்ணிப் பாருங்கள். குண்டுவீச்சின் அதிர்ச்சியால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்த அந்தச் சிப்பாய், போர்முனைக்குத் திரும்ப மறுத்ததற்காக 1916 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுமார் 20 நிமிடங்களில் முடிந்த அந்த விசாரணையில் அவருக்காக வாதாட ஒருவரும் இல்லை. அவரையும் சேர்த்து, அந்தப் போரில் இப்படிச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. ஸ்டாஃபோர்ட்ஷயரிலுள்ள நினைவுப் பூங்காவில் அவர்களுடைய பெயரும் வயதும் பொறித்த மரக்கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. கண்ணும் கையும் கட்டப்பட்ட சிலை ஒன்றும் அங்கே உண்டு. அவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் பர்டனின் சாயலில் வடித்த சிலை அது; சாகும்போது அவருக்கு வயது 17.

சிறு குற்றங்களை இங்கும் கமாண்டிங் ஆபீசரே விரைவாக விசாரித்து, 28 நாள் வரை காவல் விதிக்கலாம். ஆனால் கோர்ட் மார்ஷலே விசாரிக்கட்டும் என்று கேட்கும் உரிமை சிப்பாய்க்கு உண்டு. எனக்கு இதுவே சரியான ஏற்பாடாகப் படுகிறது.

மனம் ஒப்பாத ஒன்றும் இருக்கிறது. படையினர் மீதான, நாட்டுக்குள் நடக்கும் பாலியல் வன்கொடுமை வழக்குகளைப் படை சாராத பொது நீதிமன்றங்களுக்கு மாற்ற வேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஷான் லயன்ஸ் பரிந்துரைத்தும் அரசு ஏற்கவில்லை. தன் யூனிட் அதிகாரி மீதே புகார் சொல்ல வேண்டிய பெண் சிப்பாய், அதே சீருடை அணிந்தவர்கள் முன் எப்படி மனம் திறந்து பேசுவாள்? உங்கள் அனுபவத்தில் இதற்கு என்ன வழி என்று விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்