நான் முறைக்கவில்லை, பாப்பா

பாப்பா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய கல்யாண போட்டோவைப் பார்த்தேன். கீழே "ஏன்ப்பா இப்படி முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க, அவரைப் பிடிக்கலையா?" என்று கேட்டிருந்தாய். விளையாட்டுக்குத்தான் கேட்டாய், தெரியும். ஆனாலும் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் 31 வருஷம் ஸ்டூடியோ வைத்து அடுத்தவர் முகத்தை வைத்தே பிழைத்தவன், என் முகத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அது தாரை வார்த்த நேரம். உன் கை என் கைமேல், அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். போனில் படத்தைப் பெரிதாக்கு. முதலில் என் வாயைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுக் கண்ணை மட்டும் பார்: கன்னம் மேலே ஏறி, கண்ணுக்குக் கீழே மடிப்பு விழுந்து, ஓரத்தில் சுருக்கம் கட்டியிருக்கும். அது சிரிப்பு, பாப்பா. இப்போது கண்ணை மறை. உதட்டை இறுக்கி வைத்திருக்கிறேன், ஓரம் கீழே இழுக்கிறது, தாடை நார்த்தங்காய்த் தோல் மாதிரி குழி குழியாகக் கிடக்கிறது. அழுகையை அடக்குகிறவனின் தாடை அப்படித்தான் ஆகும். இரண்டையும் சேர்த்து, நடுவில் புருவமும் நெரிந்து நின்றால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முறைப்பாகத்தான் தெரியும்.

வாய் சொன்ன பேச்சைக் கேட்கும், கண் கேட்காது. குடும்ப போட்டோ எடுக்க வருகிறவர்களிடம் "கொஞ்சம் சிரிங்க" என்றால் வாய் உடனே விரிந்துவிடும், கண் சும்மா கிடக்கும். அதனால் நான் அப்படிச் சொல்வதையே விட்டுவிட்டு, வீட்டுக்காரரைப் பார்த்து "அக்கா சமையல் எப்படி?" என்று கேட்பேன், அவர் திருதிருவென்று முழிக்க அக்கா சிரிக்கிற அந்த அரை நொடியில் பட்டனை அமுக்கிவிடுவேன். டுஷேன் என்று ஒரு பிரெஞ்சு டாக்டர், முகத்தில் மின்சாரம் வைத்துத் தசைகளை ஒவ்வொன்றாக இழுக்கவிட்டு போட்டோ எடுத்து, 1862-லேயே இதைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார். மனசு சிரித்தால்தான் கண்ணோரத் தசை சுருங்கும் என்றாராம்.

அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது ஞாபகம் இருக்கிறதா, நீ அப்போது நாலாவது. டாக்டர் "பல்லைக் காட்டுங்கம்மா" என்றார், வாய் ஒரு பக்கம்தான் போனது. அந்த நேரம் பார்த்து நீ யூனிபார்மோடு, ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்க, உள்ளே ஓடி வந்தாய். கிழவி முழு வாயும் சிரித்தாள், இரண்டு பக்கமும்! நான் பதறிப் போய்க் கேட்டேன். அடுத்தவர் சொல்லிச் சிரிப்பதற்கு மூளையில் ஒரு வழி, தானாக வரும் சிரிப்புக்கு வேறு வழி, இவங்களுக்கு முதல் வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது, ஒரே முகத்தை இரண்டு பேர் கயிறு கட்டி இழுக்கிறார்கள். உன் கல்யாணத்தன்று எனக்கும் அதேதான், வாயைப் பிடித்து வைத்தது நான், கண் என் கையில் இல்லை.

அமெரிக்காவில் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2014-இல் 230 பேர் முகத்தைப் படமெடுத்து 21 உணர்ச்சிகள் என்று பிரித்தார்கள். சந்தோஷத்தோடு ஆச்சரியம், வருத்தத்தோடு கோபம் என்று கலப்படம் மட்டும் 15. ஆவலாகத் தேடினேன், சந்தோஷத்தோடு வருத்தம் அதில் இல்லை. திருப்பரங்குன்றத்தில் ஒரு முகூர்த்த நாளில் வந்து நின்றிருந்தால் காலை பத்து மணிக்குள் கிடைத்திருக்கும்.

மீனாட்சி கோயில் கம்பத்தடி மண்டபத்தில் பெருமாள் மீனாட்சியைச் சொக்கருக்குத் தாரை வார்த்துக் கொடுக்கிற சிலை இருக்கிறதே, எல்லாரும் அம்மன் வெட்கத்தைத்தான் பார்ப்பார்கள். முன்பெல்லாம் நானும் அப்படித்தான். இப்போது போனால் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

சரி, இன்னொன்று. அந்தப் படத்துக்கு அடுத்த படத்தில் அப்பா முழுசாக உடைந்துவிட்டேன். போட்டோ பிடித்த பையன் அதையும் பிடித்துவிட்டான், நான்தான் ஆல்பத்தில் சேர்க்க விடவில்லை. பீரோவில் உன் மார்க் ஷீட்டுக்கு அடியில் இருக்கிறது, பொங்கலுக்கு வரும்போது காட்டுகிறேன்.

மாப்பிள்ளையை ரொம்பப் பிடிக்கும் என்று சொல். அவர் கார் ஓட்டுவதுதான் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

அப்பா