யானைக்கு அரைப்பக்கம், ஏட்ரியனுக்கு ஒரு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல மறுமலர்ச்சி கால பாப்பரசர்கள் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். போர்ச்சுகல் ராஜா பத்தாம் லியோவுக்கு அனுப்பி வச்ச இந்திய யானை ஹன்னோவுக்கு மட்டும் அரைப்பக்கம், படத்தோட. லியோவுக்கு அடுத்து வந்த ஆறாம் ஏட்ரியனுக்கு, சீர்திருத்தம் பண்ணப் பாத்து தோத்துப் போனவர்னு ஒரே ஒரு வரி. மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

தோத்தார்ங்கறது உண்மைதான். ஆனா எதுல மாட்டிக்கிட்டு தோத்தார்ங்கறத சொல்லாம விட்டா அந்த வரியே தப்பாயிடுது.

1459ல உட்ரெக்ட்ல பொறந்தவர், தச்சர் மகன், அப்பா சின்ன வயசுலயே போயிட்டார். லூவென் யுனிவர்சிட்டில படிச்சு அங்கயே இறையியல் பேராசிரியரா இருந்தார், பின்னால பேரரசர் ஆன ஐந்தாம் சார்லஸுக்கு வாத்தியாரும் இவர்தான். 1522 ஜனவரி 9 அன்னிக்கு கர்தினால்கள் இவர தேர்ந்தெடுத்தப்ப ஆளே ரோம்ல இல்ல, ஸ்பெயின்ல இருந்தார். உள்ளூர் கோஷ்டிகள் ஒருத்தர ஒருத்தர் விட்டுக்கொடுக்காததால எந்தக் கோஷ்டியிலயும் சேராதவருக்குப் போய்ச் சேந்த பதவி அது. கப்பல் ஏறி ரோம் வந்து சேர ஆகஸ்ட் கடைசி ஆயிடுச்சு, வந்ததும் ஊர்ல கொள்ளைநோய், கர்தினால்கள் பலபேர் ஊரை விட்டுக் கிளம்பிட்டாங்க, இவர் கிளம்பல.

அவர் சாப்பாட்டுச் செலவு ஒரு நாளைக்கு ஒரே ஒரு டுகாட், அதாவது ஒரு தங்கக் காசு. தினம் சாயங்காலம் தன் பையிலருந்து அந்தக் காச எடுத்து, நாளைக்கு இதான்னு சொல்லி ஆள் கையில குடுப்பாராம், வெனிஸ் தூதர் எழுதி வச்சிருக்கார். சமைக்க, துணி துவைக்க ஊர்லருந்து கூட வந்த ஒரு வயசான அம்மா, அவ்வளவுதான். லியோ காலத்து விருந்தும் வேட்டையும் பாத்துப் பழகின ரோம்காரங்களுக்கு இது அவமானமா பட்டுச்சு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். லியோ கஜானாவ காலி பண்ணிட்டு கடனையும் வச்சிட்டுப் போனார், அது கட்டுரையில இருக்கு. ஆனா பணத்துக்காக அவர் ஆயிரத்துக்கும் மேல புதுப் பதவிகள உண்டாக்கி வித்தாரே, அது இல்ல. ஒருத்தர் மொத்தமா ஒரு தொகை கட்டி ரோம்ல ஒரு எழுத்தர் வேலைய வாங்குவார், அதுக்கப்புறம் விதிவிலக்குக்கு ஃபீஸ், நியமனத்துக்கு ஃபீஸ், பாவமன்னிப்புச் சீட்டுல பங்குன்னு வர வரும்படிதான் போட்ட பணத்துக்கு வட்டி. ஏட்ரியன் ஃபீஸக் குறைச்சா அந்த ஆளோட முதலே முழுகிப் போகும், பதவியவே எடுத்துட்டா கட்டின பணத்த திருப்பிக் குடுக்கணும், குடுக்க கஜானாவுல ஒண்ணும் இல்ல. தப்பு எங்க இருக்குன்னு தெளிவா தெரிஞ்சும் கை வைக்க முடியாத நிலைமை. இத சொல்லாம தோத்துட்டார்னு எழுதினா எப்படிங்க?

அப்புறம் நூரம்பர்க். 1523 ஜனவரில ஜெர்மன் இளவரசர்கள் சபையில ஏட்ரியன் குடுத்தனுப்பின அறிக்கைய தூதர் கியரெகாட்டி வாசிக்கிறார். இந்தத் திருப்பீடத்துல பல வருஷமா அருவருக்கத்தக்க காரியங்கள் நடந்திருக்கு, நோய் தலையிலருந்து உடம்புக்குப் பரவினதுல ஆச்சரியம் இல்ல, நாங்க எல்லாருமே வழி தவறிட்டோம்ங்கற அர்த்தத்துல அந்த அறிக்கை போகுது. எங்க ஊர் கோவில்ல பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னாடி முழங்கால் போட்டு சொந்தப் பாவத்த காதோட சொல்றதுக்கே எனக்கு நாக்கு வராது. பாப்பரசர் ஒருத்தர் எதிரிகள் உக்காந்திருக்கற சபையில, மொத்த திருச்சபைத் தலைமைக்காகவும் அத சொல்ல வைக்கிறார், எவ்வளவு நெஞ்சுரம் வேணும்! நோய் பழசு, ஒரே நாள்ல தீராது, படிப்படியாத்தான் போகணும்னும் அதுலயே இருக்கு. ரோம எதிர்த்துக் கிளம்பின ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் பக்கம் இதையே ஆயுதமா எடுத்துக்கிட்டாங்க, ரோம் பக்கம் வீட்டு அழுக்க வெளிய கொட்டிட்டார்னு கோவம், ரெண்டு பக்கமும் இடி.

அவர்கிட்ட குறையே இல்லன்னு சொல்லல. ஸ்பெயின்ல மத விரோதிகள விசாரிச்சு தண்டிக்கற திருச்சபை விசாரணை மன்றத்துக்குத் தலைவரா இருந்தவர், லூத்தர் விஷயத்துல கொஞ்சமும் இறங்கி வரல, அதே அறிக்கையில லூத்தர அடக்கச் சொல்லியும் கேக்கறார். லாவோகூன் மாதிரி பழங்காலப் பளிங்குச் சிலைகள அவர் மதிக்கலன்னு கட்டுரை எழுதினதும் சரிதான், அது எனக்கும் வருத்தம்தான். ஆனா ரோட்ஸ் தீவு 1522 டிசம்பர்ல துருக்கி சுல்தான் சுலைமான் கைக்குப் போற நேரத்துல ஐரோப்பிய ராஜாக்கள சமாதானப்படுத்த அலைஞ்சுக்கிட்டு இருந்தவருக்கு சிலை பாக்க எங்க நேரம்.

1523 செப்டம்பர் 14 அன்னிக்கு இறந்துட்டார். ரோம்ல இருந்தது பதிமூணு மாசம்கூட முழுசா இல்ல. இறந்த பிறகு அவர் வைத்தியர் வீட்டு வாசல்ல பூமாலை கட்டி, நாட்ட விடுவிச்சவருக்குன்னு எழுதி வச்சாங்களாம். வைத்தியம் பாத்தும் ஆள் பொழைக்கலங்கற சந்தோஷம்! இத படிக்கறப்ப எனக்கு தொண்டை அடைக்குது. அவருக்கப்புறம் இத்தாலிக்காரர் அல்லாத பாப்பரசர் வர 455 வருஷம் ஆச்சு, 1986ல மெட்ராஸுக்கு வந்தாரே இரண்டாம் அருள் சின்னப்பர், அவர்தான் அது.

அடுத்த வாரம் 1527ல ரோம் சூறையாடப்பட்டத பத்தி வரும்னு போட்டிருக்கீங்க. அத ஏட்ரியனுக்கு அடுத்து வந்த பாப்பரசர் ஏழாம் கிளமென்ட்லருந்து ஆரம்பிக்காம, நாலு வருஷம் பின்னாடி போய் நூரம்பர்க்ல வாசிச்ச அந்த அறிக்கையிலருந்து ஆரம்பிக்கச் சொல்லி கட்டுரையாளர்கிட்ட கேக்க முடியுமா? முடிஞ்சா அந்த அறிக்கைய தமிழ்ல முழுசா போடுங்க, யானைக்குக் குடுத்த எடம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை