அசல் உன் பெட்டகத்தில் இருக்கட்டும்

காரைக்குடி
மார்கழி 18

அன்புள்ள மெய்யப்பா,

இங்கு எல்லோரும் நலம். கானாடுகாத்தானில் ஆச்சியும் பிள்ளைகளும் நலந்தானே? இந்த வருசம் மழை கைவிடவில்லை. ஊரணி படி மூழ்கக் கிடக்கிறது.

உன் கடிதம் வந்தது. ஆத்தங்குடிக் கல் வியாபாரத்துக்கு வலைத்தளம் போட்டு, 240 டிசைனையும் செவ்வாய்ப் பொங்கலுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்கிறாய். சரியான நேரம்தான். பொங்கலுக்கு ஊருக்கு வந்து பழைய வீட்டைத் திறக்கிறவர்கள்தான் தரைக்குக் கல் தேடுவார்கள். படம் தெரியவில்லை, 403 (அனுமதி இல்லை என்ற பிழை) வருகிறது, தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது என்று மூன்று குறை சொல்லியிருக்கிறாய். மூன்றுக்கும் நடுவில் நாலு இடத்தில் "செர்வரிலேயே போய்த் திருத்தினேன்" என்றும் எழுதியிருக்கிறாய். முதலில் அந்தப் பழக்கத்தை விடு. அசல் உன் கணினியில் இருக்க வேண்டும். செர்வரில், அதாவது தளத்தை ஊருக்குக் காட்டும் தூரத்துக் கணினியில், இருப்பது அதன் நகல். வீட்டில் திருத்து, வீட்டில் பிரவுசரில் திறந்து பார், பிறகு ஏற்று. இந்த வரிசை மாறினால் எது புதுசு எது பழசு என்று ஒரு மாதத்தில் உனக்கே தெரியாது.

கேள்விக்குறி விவகாரமே அதற்குச் சாட்சி. எழுத்தைக் கணினி எண்ணாகப் பதியும் முறைக்கு என்கோடிங் என்று பெயர். தமிழுக்கு இடமுள்ள யூடிஎஃப்-8-ஐ விட்டு, ஆன்சி போன்ற பழைய என்கோடிங்கில் ஒரு தமிழ்ப் பக்கத்தைச் சேமித்தால், அந்த என்கோடிங்கில் தமிழுக்கு இடம் இல்லாததால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகப் பதிவாகிவிடும். எழுத்து போனது போனதுதான்; செர்வரில் எதைத் தட்டினாலும் திரும்பாது. வீட்டில் அசல் இருந்தால் மறுபடி ஏற்றினால் முடிந்தது. கேள்விக்குறிக்குப் பதிலாகக் கொம்பும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகள் வந்தால் பயப்படாதே. அங்கே ஃபைல் பத்திரமாக இருக்கிறது, பிரவுசர்தான் தப்பாக வாசிக்கிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 என்ற வரியைச் சேர்த்தால் சரியாகும். நோட்பேடில் எழுதுகிறாய் என்றால் 'சேவ் ஆஸ்' பெட்டியின் அடியில் என்கோடிங் என்ன காட்டுகிறது என்று பார். பழைய விண்டோஸில் அது ஆன்சி என்றுதான் நிற்கும்.

இனி 403. செர்வருக்கு ஃபைல் அனுப்பும் எஃப்டிபியில் நுழைந்தவுடன் தெரியும் ஃபோல்டர்களில் பப்ளிக்_ஹெச்டிஎம்எல் என்பதுதான் முகப்பு. தெருவில் போகிறவர் கண்ணில் படுவது அதற்குள் இருப்பது மட்டுமே. அதற்கு வெளியே உள்ளதெல்லாம் இரண்டாங்கட்டு. நீ தளம் முழுவதையும் ஜிப் என்ற ஒரே கட்டாக்கி ஏற்றி, ஃபைல் மேனேஜரில் எக்ஸ்ட்ராக்ட் செய்து பிரித்திருக்கிறாய். அது நல்ல வழிதான். நூற்றுக்கணக்கான சின்ன ஃபைலை எஃப்டிபியில் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணைப்புத் திறந்து மூட வேண்டியிருப்பதால் நேரம் இழுக்கும். ஆனால் ஜிப்புக்குள் ஃபோல்டரோடு கட்டியிருந்தால், விரிக்கும்போது பப்ளிக்_ஹெச்டிஎம்எல்-க்குள் இன்னொரு ஃபோல்டர் முளைத்து, தளத்தின் முதல் பக்கமான இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் அதற்குள் போய் உட்கார்ந்துவிடும். முகப்பில் இண்டெக்ஸ் இல்லை, உள்ளே இருப்பதைப் பட்டியலாகக் காட்டவும் செர்வருக்கு அனுமதி இல்லை. அதனால் 403 என்று கதவைச் சாத்துகிறது. உள்ளே இருப்பதை எல்லாம் தேர்ந்தெடுத்து ஒரு படி மேலே நகர்த்து. ஜிப்பை அழித்துவிடு. அடக்கவிலை எழுதிய எக்சல் ஃபைல் அதற்குள் இருக்கிறது என்கிறாய். பேக்கப் என்றோ சைட் என்றோ பெயரை ஊகித்துத் தட்டுகிற எவரும் அதை இறக்கிக்கொண்டு போகலாம்.

இண்டெக்ஸ் சரியான இடத்தில் இருந்தும் 403 வந்தால் பெர்மிஷனை, அதாவது யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்ற உரிமையைப் பார். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. எஃப்டிபி மென்பொருளான ஃபைல்ஜில்லாவில் வலது கிளிக் செய்தால் எண் போடும் கட்டம் வரும். உள் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து மாற்றும்போது 'ஃபைல்களுக்கு மட்டும்', 'ஃபோல்டர்களுக்கு மட்டும்' என்று இரண்டு தடவையாகச் செய். 644-ஐ ஃபோல்டருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டால் உள்ளே நுழையும் உரிமையே போய், அதற்குள் இருக்கும் படம் அத்தனையும் 403 ஆகும். எதற்கும் 777 போடாதே. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிடுகிற எண் அது. பிஎச்பி ஃபைலுக்கு அதைப் போட்டால், தளத்துக்கு இடம் தரும் பல ஹோஸ்டிங்கில் 500 (செர்வர் பிழை)தான் வரும்.

படம் தெரியாததுதான் பெரிய சங்கதி. தெரியாத படத்தின் முகவரியைத் தனியாக பிரவுசரில் போட்டுப் பார். 403 என்றால் மேலே சொன்ன பெர்மிஷன். 404 என்றால் அந்தப் பெயரில் ஃபைலே அங்கே இல்லை; பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் குழப்பம். கேமரா தரும் பெயரின் வால் ஜேபிஜி என்று பெரிய எழுத்தில் இருக்கும். நீ பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பாய். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸ் செர்வருக்கு இரண்டும் வேறு ஆள். அதனால்தான் வீட்டில் தெரிந்தது தளத்தில் தெரியவில்லை. (தமிழுக்கு இந்தப் பெரிய, சிறிய எழுத்துத் தொல்லை இல்லை, பார்.) எல்லாப் பெயரையும் சிறிய எழுத்துக்கு மாற்று. இடைவெளி வேண்டாம், சிறுகோடு போடு. மாற்றி ஏற்றிய பிறகு செர்வரில் பழைய பெயரில் இருப்பதையும் அழி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்து இடத்தை அடைக்கும்.

அதற்காகத் தமிழிலேயே பெயர் வைக்கிறேன் என்று கிளம்பாதே. பக்கத்துக்குள் தமிழ் எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. ஃபைல் பெயர் வேறு. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். "ஆத்தங்குடி" என்பதில் புள்ளியும் துணைக்குறியும் சேர்த்து 10 குறி. அது முகவரியில் 90 எழுத்து. வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் பாதித் திரை அதுவே நிறைந்துவிடும். இன்னொரு கண்ணி உண்டு. "கொட்டான்" என்பதில் உள்ள கொ-வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், தனித்தனி இரு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி. செர்வருக்கு இரண்டும் வேறு பெயர். பழைய மேக் கணினிகள் அதைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து ஏற்றி, லிங்கை விண்டோஸில் தட்டினால் 404 வரும். எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் பிழை தெரியாது. கல் எண்ணையே பெயராக வை, 001 முதல் 240 வரை.

ஏற்றுவதற்கு முன் படத்தைச் சுருக்கு. போனில் எடுத்தது ஒன்று 5 எம்பி என்றால் 240 படம் 1,200 எம்பி. அகலத்தை 1,600 பிக்சலாக்கி, ஜேபிஜி தரத்தை 80-க்குக் கொண்டுவந்தால் ஒன்று 300 கேபி அளவில் நிற்கும். மொத்தம் 72 எம்பி. கல்லின் நிறமும் கோடும் கெடாது.

எஃப்டிபி என்ற முறையை 1971-இல் முதலில் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியில் படித்தவர். அந்தக் காலத்து முறை என்பதால் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே கம்பியில் போகும். உன் ஹோஸ்டிங்கில், எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபி இருந்தால் அதையே எடு, போர்ட் 22. இல்லாவிட்டால் எஃப்டிபியின் போர்ட் 21-இலேயே, அனுப்புவதை மறைக்கும் டிஎல்எஸ் கட்டாயம் என்று தேர்ந்தெடு. உள்ளே நுழைந்த பிறகு ஃபைல் பட்டியல் மட்டும் வராமல் நின்றால், பட்டியலும் ஃபைலும் போக எஃப்டிபி வேறு போர்ட்டில் தனி இணைப்புத் திறப்பதை ஃபயர்வால் தடுக்கிறது என்று அர்த்தம். அந்த இணைப்பை உன் கணினியே தொடங்கும் பேசிவ் மோடு வைத்துப் பார்.

ஏற்றும்போது கரண்ட் போய்விடுகிறது என்றும் எழுதியிருந்தாய், அந்தச் சங்கதிக்கு வருகிறேன். ஏற்றும்போது பாதியில் நின்ற படம் செர்வரில் இருக்கும், ஆனால் கீழ்ப்பாதி சாம்பலாகத் தெரியும். மறுபடி ஏற்றும்போது ஃபைல்ஜில்லா என்ன செய்யட்டும் என்று கேட்கும். 'புதியதாக இருந்தால் மேலெழுது' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவாய். அரைகுறைப் படம் இன்று ஏறியது, உன் அசல் போன வாரத்துத் தேதி, ஆகவே அது அரைகுறையை அப்படியே விட்டுவிடும். 'அளவு வேறாக இருந்தால் மேலெழுது' என்பதே சரி. முடிந்ததும் டைரக்டரி கம்பாரிசனைப் போட்டு இரண்டு பக்கத்து அளவையும் ஒப்பிடு.

ஏற்றும் வரிசையும் முக்கியம். ஆத்தங்குடிக் கல்லுக்குக் கண்ணாடி மேல் நிறத்தை ஊற்றி முகத்தை முதலில் செய்கிறார்கள், சிமெண்டு முதுகு பிறகு. தளத்துக்கு அது தலைகீழ்: படம் முதலில், ஸ்டைல் ஃபைல் அடுத்து, உள்பக்கங்கள் பிறகு, இண்டெக்ஸ் கடைசியில். நடுவில் கரண்ட் போனாலும் வந்தவர் பழைய முகப்பையாவது முழுசாகப் பார்ப்பார். விலை மாற்றி ஏற்றியும் பழையதே தெரிந்தால் கண்ட்ரோல் எஃப்5 தட்டு. பெரும்பாலும் பிரவுசர் தன்னிடம் சேமித்து வைத்த பழைய நகல் (கேஷ்)தான்.

மறக்குமுன்: டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) உன் பெயரிலும் உன் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பார். தளம் அமைத்துத் தந்த பையன் பெயரில் இருந்தால் இப்போதே மாற்றிக்கொள். ஒரு நோட்டில் ஏற்றிய தேதியும் ஃபைல் பெயரும் எழுதி வை.

240 படத்தையும் ஒரே மூச்சில் ஏற்றாதே. முதல் 10 படத்தைச் சுருக்கிப் பெயர் மாற்றி வை. திங்கள் காலை 9 மணிக்கு மேல் போன் போடு, இருவரும் பார்த்துக்கொண்டே ஏற்றுவோம்.

அன்புடன்,
சுப்பையா