ஒரு பொட்டலம் மண்ணுக்கு எட்டு மாதம் கழித்துப் பதில்

கோவில்பட்டி
பங்குனி 5

அன்புள்ள சுப்பையா,

ஆனி மாதக் கடைசியில் உன் தங்கச்சி மகனிடம் ஒரு பொட்டலம் மண் கொடுத்துவிட்டாய். "இது என்ன மண், மா வைக்கலாமா, பார்த்துச் சொல்லு" என்று ஒரு துண்டுச் சீட்டும் உள்ளே இருந்தது. இப்போது பங்குனி. நடுவில் இரண்டு தடவை போனில் பேசியபோதும் நான் பிடிகொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். மறக்கவில்லை. உன் நிலத்தில் வெடிப்பு மூடுவதற்கும், மூடியது மறுபடி திறப்பதற்கும் காத்திருந்தேன். அதைப் பார்க்காமல் அந்த மண்ணுக்குப் பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மதினி நன்றாக நடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். பேத்தி ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமைகளில் என்னோடு உன் நிலத்துக்கு வந்து, ஈர்க்குக் குச்சியை வெடிப்புக்குள் விட்டு ஆழம் அளந்தது அவள்தான்.

நீ அனுப்பிய மண்ணை அன்றைக்கே நனைத்து உருட்டிப் பார்த்தேன். கருப்பு. விரலில் ஒட்டியது, நாடா மாதிரி நீளமாக வந்தது. பார்த்த யாரும் கரிசல் என்றுதான் சொல்வார்கள். ஆனால் கையில் இருக்கும் மண் அது எந்த மேட்டில் கிடந்தது, வருஷத்தில் எத்தனை நாள் ஈரமாக இருந்தது என்று சொல்லாது. மண்ணை வகைப்படுத்துகிறவனுக்கு அந்த இரண்டும்தான் முதலில் வேண்டும். பாறை, மழை வெயில், நிலத்தின் ஏற்ற இறக்கம், உயிர்கள், காலம் என்று ஐந்தும் சேர்ந்துதான் மண்ணைச் செய்கின்றன என்று ஹான்ஸ் ஜென்னி 1941-இல் எழுதிவைத்தார். அந்த ஐந்தில் பொட்டலத்துக்குள் வருவது கொஞ்சம்தான்.

உன் நிலம் ஓலை மாதிரி நீளம். மூன்று ஏக்கர், மேல் வரப்பிலிருந்து ஓடை வரை 300 மீட்டர் இருக்கும். மண் வரைபடம் போடும் ஒரு பையனிடம் கேட்டேன். செயற்கைக்கோள் படம், உயரக் கணக்கு, மழைக் கணக்கு மூன்றையும் கணினியில் போட்டு, மூன்று ஏக்கரும் கரிசல் என்று வரைந்து கொடுத்தான். நல்ல பையன், அக்கறையாகத்தான் செய்தான். ஆனால் அந்த உயரக் கணக்கு 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரு எண் தருவது. அதில் பிழையே சில மீட்டர் வரும். ஆகவே நானும் பேத்தியும் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை வாங்கிக்கொண்டு போய் வரப்பு வரப்பாக இறங்கி அளந்தோம். மேல் வரப்புக்கும் ஓடைக்கும் 4 மீட்டர் தாழ்வு. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் நிலம்தான். நம் சீமையில் அந்த நாலு மீட்டருக்குள் மண்ணே மாறிவிடும்.

மேலும் கீழும் ஒரே பாறைதான். மேட்டில் விழும் மழை அந்தப் பாறை மக்கும்போது வரும் சுண்ணாம்பு, மக்னீசியம், சிலிக்கா எல்லாவற்றையும் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. மேட்டில் இரும்புத் துருதான் மிச்சம், அதனால் செவல். பள்ளத்தில் தண்ணீர் மெல்ல வடிவதால் கரைந்து வந்ததெல்லாம் அங்கேயே தங்கி, நனைந்தால் ஊதுகிற, காய்ந்தால் சுருங்குகிற ஒருவகைக் களியாக மாறுகிறது. ஸ்மெக்டைட் என்பார்கள். இதற்கு நம் மழை அளவாக இருப்பதும் காரணம். மேற்கு மலைக்கு மழை மறைவில் இருக்கிறோம். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். வெயில் உறிஞ்சக்கூடியது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மூன்று மடங்கு மழை பெய்திருந்தால் அந்தச் சுண்ணாம்பு ஓடையோடு கடலுக்குப் போயிருக்கும், கரிசலும் இருந்திருக்காது. இன்னொன்று, கரிசல் கருப்பாக இருப்பதால் அதில் மக்கு (மக்கிய இலைதழை) நிறைய என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. இருக்கிற கொஞ்ச மக்கும் களியோடு இறுகப் பிணைந்திருப்பதால் வரும் கருப்பு அது.

கீழ்ப்பக்கம், ஓடையிலிருந்து முப்பது அடி தள்ளி, தை மாதக் கடைசியில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டினோம். இரண்டு ஆள், இரண்டு நாள். மேலே 20 சென்டிமீட்டர் உழவு மண், பொலபொலவென்று. அதற்குக் கீழே கடப்பாரை கேட்கும் இறுக்கம். 60 சென்டிமீட்டருக்குக் கீழேதான் நான் தேடியது கிடைத்தது. கட்டியைப் பிளந்தால் அதன் முகம் சாய்வாக, பாலிஷ் போட்டதுபோல் பளபளவென்று, மெல்லிய கோடுகளோடு இருக்கிறது. ஈரத்தில் ஊதிய மண் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று உரசிச் சறுக்கிய தடம் அது. பேத்தி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மிக்கல் மாதிரி இருக்கு தாத்தா" என்றாள். நனைத்து நிற அட்டையோடு ஒப்பிட்டால் 10 ஒய்ஆர் 3/1, அதாவது கருஞ்சாம்பல். நீர்த்த அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கியது, சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்பு இறுகிய சுக்காங்கல் 90 சென்டிமீட்டரில் ஒன்றிரண்டாகத் தலைகாட்டி, 125-க்குக் கீழேதான் அடர்த்தியாக வருகிறது.

இனி வெடிப்பு. இந்த மண்ணுக்கு அதுதான் கடிகாரம். நாங்கள் பின்பற்றும் அமெரிக்க மண் வகைப்பாட்டு முறையில் இந்த வகைக்கு வெர்டிசால் என்று பெயர், புரளும் மண் என்று பொருள். கோடையில் மேல்மண் வெடிப்புக்குள் விழும், மழையில் அடிமண் ஊதி மேலே தள்ளும். ஐந்தாம் வகுப்பு லீவில் உன் நாலணா வெடிப்புக்குள் விழுந்து, நாம் இரண்டு பேரும் மாலை வரை குச்சியால் குடைந்தோமே, நினைவிருக்கிறதா? புரளும் மண் என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்த நாலணாதான் ஞாபகம் வந்தது.

வெர்டிசாலுக்குள் அடுத்த பிரிவு, வெடிப்பு எத்தனை நாள் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாசனம் இல்லாத சாதாரண வருஷத்தில் தொடர்ந்து 60 நாள்கூட மூடியிருக்காவிட்டால் அது பாலைநிலப் பிரிவு, டோரர்ட். அந்த அளவுக்கு மூடியிருந்து, அதே சமயம் ஐந்து மில்லிமீட்டர் அகல வெடிப்பு வருஷத்தில் மொத்தம் 90 நாளாவது திறந்திருந்தால் உஸ்டர்ட். உன் நிலத்தில் ஐப்பசி 11-ஆம் தேதி வெடிப்பு முழுதாக மூடியது. தை 25-இல் முதல் கீறல் விட்டது. 103 நாள் மூடியிருந்தது, ஆகவே உஸ்டர்ட். ஒரே வருஷத்தை வைத்துச் சொல்லக்கூடாது என்று 30 வருஷ மழைக் கணக்கையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். இந்த வருஷம் சராசரியை ஒட்டித்தான் பெய்திருக்கிறது. பக்கத்துப் புஞ்சை ஆச்சியிடம் கேட்டபோது, "ஐப்பசில வாய மூடும், மாசி பொறந்தா தொறந்துக்கிடும், என்னைக்கும் அப்படித்தான" என்றார்கள். நான் குறித்துவைத்த இரண்டு தேதியையும் அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்கள்.

வெப்பக் கணக்கில் மட்டும் எனக்கு ஒரு மனக்குறை. அரை மீட்டர் ஆழத்தில் கோடைக்கும் குளிருக்கும் ஆறு டிகிரி வித்தியாசம்கூட இல்லை, ஆண்டுச் சராசரி 22 டிகிரிக்கு மேல் என்றால் ஐசோஹைப்பர்தெர்மிக். நம் ஊர் அதில்தான் வரும், சந்தேகமில்லை. ஆனால் கோடை என்று அந்த முறை எடுத்துக்கொள்வது ஜூன், ஜூலை, ஆகஸ்டை. நமக்குச் சித்திரை வைகாசியில் மண்டை பிளக்கிறது. ஆனி ஆடியில் காற்று வாங்குகிறோம். வேறு சீதோஷ்ணத்தில் இருந்துகொண்டு எழுதிய விதி. நம் மண்ணுக்கு நாம் ஒரு கணக்கு எழுதியிருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு.

அடர்ந்த சுண்ணாம்பு அடுக்கு ஒரு மீட்டருக்குள் வராததால் உஸ்டர்ட்டுக்குள் கீழ்நிலத்தின் பெயர் ஹாப்ளஸ்டர்ட். பருத்தி, உளுந்து, கொத்தமல்லிக்கு இதைவிட நல்ல மானாவாரி மண் கிடையாது. மா வைக்காதே. வெடிப்பு இளவேரை அறுத்துவிடும், மழைக்காலத்தில் வேர் மூச்சுமுட்டும். மோட்டார் ரூம் சுவர் ஏன் பிளந்தது என்று கேட்டிருந்தாயே, அதுவும் இதே ஊதல் சுருங்கல்தான்.

இப்போது மேல்நிலம். உன் பொட்டலம் அங்கேயிருந்து எடுத்ததுதான் என்று உன் மருமகன் இடத்தைக் காட்டினான். டியூப் லெவல் மேடு என்கிறது, மேட்டில் செவல் இருக்கவேண்டும். மண்ணோ கருப்பாக இருக்கிறது. ஆடியில் பேத்தி ஈர்க்கு விட்டபோது கீழ்நிலத்தில் 80 சென்டிமீட்டர் இறங்கியது, மேலே ஒரு சாண்கூட இறங்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம். குழி வெட்டியதும் தெரிந்துவிட்டது. 25 சென்டிமீட்டர் வரை கருப்பு, அதற்குக் கீழே கத்தியால் கோடு போட்டதுபோல் சட்டென்று சிவப்பு, 2.5 ஒய்ஆர் 3/6. அந்தச் சிவப்பில் அமிலம் பொங்கவில்லை, சறுக்கிய முகம் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேலிருந்து இறங்கிய களி துளைகளில் தோல் மாதிரி படிந்திருக்கிறது. ஆல்ஃபிசால், நம் பேச்சில் செவல். 80 சென்டிமீட்டரில் மக்கிய பாறை வந்துவிட்டது.

இயற்கை அப்படி நேர்கோடு போடாது. கருப்பு மண்ணைச் சல்லடையில் போட்டுக் கழுவினேன். சின்னச் சின்ன நத்தை ஓடுகள். கம்மாயில் கிடக்கும் நத்தை. ஆச்சியிடம் கேட்டேன். "அது அவுக அய்யா கரம்பை அடிச்ச எடம்லா. கோடைக்குக் கோடை வண்டியக் கட்டி, கம்மாய்க்கும் புஞ்சைக்கும் நடையா நடந்தாரே. செவக்காடு ஈரம் தாங்கலன்னு." எத்தனை வருஷம் அடித்தார் என்று கேட்டதற்கு, "நீங்க ரெண்டு பேரும் காலேஜுக்குப் போற வரைக்கும்" என்றார்கள்.

சுப்பையா, நீ கோயம்புத்தூருக்குப் பொட்டலமாகக் கொண்டுபோய், திரும்ப எனக்கு அனுப்பியது உன் நிலத்தின் மண் இல்லை. மாமா, அதாவது உன் அய்யா, வண்டியில் ஏற்றி வந்த கம்மாய் மண். செயற்கைக்கோள் படமும் அதன் கருப்பைப் பார்த்துத்தான் கரிசல் என்று சொல்லியிருக்கிறது. மாமா விடியற்காலையில் மாடு பூட்டுவது நமக்குத் தெரியும். எதற்கென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் குழிக்குள் நின்றபோது ரொம்ப நேரம் ஏறிவர மனமில்லை.

மேல்நிலத்தில் நெல்லியும் சீத்தாவும் வைக்கலாம். மா கன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் நெல்லியாக மாற்றித் தரச் சொல்லு. இந்தக் கோடையில் கம்மாயில் வண்டல் எடுக்க அனுமதி தந்தால் பத்து டிராக்டர் லோடு அடித்துவிடுவோம். கரம்பை அடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, மேல் வரப்போரம் சிவப்பு வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறது.

கீழ்க்குழியை மூடிவிட்டேன். மேல்குழியை மூடவில்லை. ஆடு விழாமல் சுற்றி உடைமுள் வெட்டிப் போட்டிருக்கிறது. சித்திரையில் கோடை மழை இறங்குவதற்குள் வந்து ஒருதடவை இறங்கிப் பார். அப்புறம் மூடிக்கொள்ளலாம்.

மதினிக்கு என் வணக்கம்.

உன்
ராமசுப்பு